வியாழக்கிழமைக்கு ஒரு நோயாளி

பத்து நிமிடம் என்பது போதுமான நேரம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்ப டாக்டராக இருந்தவன் சொல்கிறேன். வந்தவருக்கு என்ன கோளாறு என்பது உட்காரும்போதே பாதி தெரிந்துவிடும். அது வேறு ஏதாவதாக இருக்குமோ என்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். மிச்ச நேரமெல்லாம், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தால் போதும் என்று அவரை நம்ப வைப்பதற்கு. எங்கள் நாட்டில் டாக்டர் படிப்பு இத்தனை வருஷம் நீள்வதே இந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான். இரண்டு கோளாறு இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லி இரட்டை நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். ரூல்ஃபீன் ஹோவிங் என்ற பெண்மணி எப்போதும் இரட்டை நேரம் வாங்குவார்.

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று. டப்பாவை நான் மூடி வைத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், வளர்ப்பு அப்படி. மூன்றாவது தடவையாக வருகிறீர்கள். முதல் வியாழக்கிழமை முழுவதும் என் இடுப்பெலும்பைப் பற்றியே பேசிவிட்டேன். போன வியாழன் உங்கள் ஒலிப்பதிவுக் கருவி பாதியில் படுத்துவிட்டது என்றீர்கள். அதனால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு ஒன்றும் சிரமமில்லை. மருத்துவக் கண்காணிப்புத் துறையிலிருந்து வந்திருக்கிறீர்கள், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போவது உங்களுக்கும் அழகல்ல.

ரூல்ஃபீன் எங்கள் ஊர்க் கால்வாயில் பாலம் தூக்குபவராக இருந்தார். படகு வந்தால் மணியடித்து, கம்பியை இறக்கி, பாலத்தைத் தூக்கி, படகு போனதும் இறக்குவார். பிறகு ஒருநாள், தொலைவில் எங்கோ உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரே எல்லாப் பாலங்களையும் தூக்கும் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய மனச்சோர்வு அதனால் வந்ததல்ல. அது அவருக்கு இருபது வயதிலேயே வந்து, ஒண்டுக் குடித்தனமாக ஆரம்பித்து, பிறகு வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது. மருந்துகள் மாறின, மருத்துவமனைகள் மாறின. அது மட்டும் காலி செய்யவில்லை.

"காலையில கண்ணைத் திறந்ததும் எனக்கு என்ன தோணும் தெரியுமா டாக்டர்?" என்று ஒருமுறை கேட்டார். "ஐயய்யோ, இன்னிக்கும் நானேதானான்னு தோணும்."

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கக் கூடாத இடம் அது. ஆனால் அவரும் சிரித்தார். அவரிடம் அதுதான் விசேஷம். பள்ளத்தில் கிடந்துகொண்டே மேலே நிற்கிற எல்லாரையும் கிண்டல் செய்வார். பாலத்தைப் பற்றிக் கேட்டேன் ஒருநாள். "முன்னே நான் பாலத்தைத் தூக்கினா கார்க்காரன் எல்லாம் என்னைத் திட்டுவான். இப்போ கம்ப்யூட்டரைத் திட்டுறான். அதுக்கு உறைக்கவே உறைக்காது. எவ்வளவு நல்ல நல்ல திட்டெல்லாம் வீணாப் போகுது பாருங்க" என்றார்.

என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி எட்டு வருஷத்துக்கு முன்பு ஸ்வோலெ நகரத்துப் பல் டாக்டர் ஒருவரோடு போய்விட்டார். பல் டாக்டர்களுக்கு வேலை நேரத்தில் எதிராளி பதில் பேச முடியாது, அதனால் வீட்டில் நன்றாகப் பேசுவார்கள் போலிருக்கிறது. மகன் ஊட்ரெக்ட்டில் இருக்கிறான். "ஒரு நாள் வாயேன்டா" என்றால், "ஏழு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலியா இருக்குப்பா, ரெண்டரையிலேர்ந்து நாலு மணி வரைக்கும், போட்டுக்கட்டுமா?" என்பான். போட்டுக்கொள் என்பேன். நல்ல பையன். வந்தால் சரியாக நாலு மணிக்குக் கிளம்பிவிடுவான்.

ஆகவே வியாழக்கிழமை. ரூல்ஃபீன் கடைசி நோயாளியாக, நாலரைக்கு வருவார். ரொட்டிக்கடையிலிருந்து திராட்சை ரொட்டி வாங்கிவந்து, என் மேஜையிலேயே வெண்ணெய் தடவுவார். என் உதவியாளர் தினி கோட்டை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்து, "டாக்டர், இது மருத்துவமனையா மாமியார் வீடா?" என்று கேட்டுவிட்டுப் போவார். உள்ளூர் பத்திரிகையின் மரண அறிவிப்புகளை ரூல்ஃபீன் உரக்கப் படிப்பார். யாரையாவது 'எல்லாராலும் நேசிக்கப்பட்ட' என்று போட்டிருந்தால் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்ப்பார். இருவருக்கும் அந்த ஆளைத் தெரியும். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். இரட்டை நேரம் முடிந்து, இருட்டிய பிறகுதான் எழுந்திருப்போம். என் வாரத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். நான் இதை மறைக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு நவம்பரில், அவர் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"டாக்டர், எனக்குப் போதும். சட்டத்துல இடம் இருக்கே. எனக்கு உதவி பண்ணுங்க."

சாக விரும்புபவருக்கு டாக்டர் உதவ எங்கள் நாட்டில் சட்டத்தில் இடம் இருக்கிறது. தாங்க முடியாத துன்பம், தெளிந்த மனதோடு கேட்பது, மீள்வதற்கு நியாயமான வேறு வழி எதுவும் மிச்சமில்லாமல் இருப்பது. இவையெல்லாம் இருந்தால், மனநோய்க்கும் இடமுண்டு. அரிதாக நடக்கும், நிறையப் பேர் பார்த்து நிறையக் கேள்வி கேட்ட பிறகே நடக்கும். குடும்ப டாக்டரிடம்தான் முதலில் கேட்பார்கள். ரூல்ஃபீன் கிண்டலாகக் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. பயந்துபோனேன். அந்த நிமிடம் என் மனதில் ஓடியது, "வியாழக்கிழமைகளில் நான் என்ன செய்வேன்" என்பது. மருத்துவ ரீதியான எண்ணங்கள் பிறகு வந்தன. கட்டாயம் வந்தன.

"யோசிக்கலாம், ரூல்ஃபீன்" என்றேன்.

"யோசிங்க. நான் எங்கே போகப் போறேன், அதானே விஷயமே" என்றார்.

அதிர்ஷ்டம் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் அதே மாதத்தில் எங்கள் வட்டாரக் குடும்ப டாக்டர்கள் ஒரு குழு அமைத்தார்கள். மனநோயால் இப்படிக் கேட்பவர்கள் விஷயத்தில் என்னென்ன பாதுகாப்புகள் வேண்டும் என்று குடும்ப டாக்டர்களின் கருத்தைச் சொல்ல வேண்டும். நியாயமான வேலை, அவசியமான வேலை. ஒருவருடைய நோயே அவர் வாயால் பேசுகிறதா, அல்லது அவரேதான் பேசுகிறாரா என்று பிரித்துப் பார்க்க, வருஷக்கணக்காகப் பழகிய டாக்டரைவிட யார் பொருத்தம்? கையைத் தூக்கிச் சேர்ந்துகொண்டேன்.

ஊர் நூலகத்தின் மாடியில் கூடுவோம். தலைவர் டாக்டர் லீடெவெய். நிதானமானவர், எதையும் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். நீங்களும் இந்த நாட்டுக்காரர்தான், உங்களுக்குத் தெரியும், நாங்கள் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. ஒருவரை நான்கு பேர் தோற்கடிப்பது அநாகரிகம். அணை கட்டிக் கடலை ஊருக்கு வெளியே நிறுத்த எல்லாரும் சேர்ந்தால்தான் முடியும் என்று பழகிய ஜனங்கள். அதனால் ஒருவர் முகம் சுளித்தாலும் அவருடைய சுளிப்பு சரியாகும்வரை கூட்டம் முடியாது. இருட்டிவிடும், காபி தீர்ந்துவிடும், பிஸ்கட் டப்பா இரண்டாவது தடவை திறக்காது. கடைசியில், அவருக்கு எது உறுத்துகிறதோ அதை ஒரு விதியாகச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இதை நான் ஒரு ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்று திட்டமிட்டுப் போகவில்லை. முதல் கூட்டத்தில் எனக்கு நிஜமாகவே உறுத்தியது.

"மைண்டர்ட், நீ ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கே?" என்றார் லீடெவெய் என்னைப் பார்த்து.

"எனக்கு ஒண்ணு உறுத்துது. நவம்பர்ல ஒருத்தர் சாகணும்னு கேக்கறார். நவம்பர்ல நம்ம ஊர்ல யார்தான் கேக்க மாட்டாங்க?"

சிரித்தார்கள். பக்கத்து ஊர் டாக்டர் ஹார்ம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "எனக்கே இப்போ கேக்கலாம் போல இருக்கு" என்றார். வெளியே சாய்வாக மழை.

"அதனால நாலு பருவத்துலயும் கேக்கட்டும். நாலுலயும் அதே பதில்னா அது அவரோட விருப்பம். ஒண்ணுல மட்டும்னா அது வெறும் வானிலை."

"இது நல்லாருக்கே" என்றார் ஹார்ம். லீடெவெய் தலையைச் சாய்த்து எழுதிக்கொண்டார். நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன தப்பு? நல்ல விதி. எனக்கு மட்டும் தெரிந்த விஷயம், ரூல்ஃபீனுக்கு ஒவ்வொரு மே மாதமும் கொஞ்சம் தேவலையாக இருக்கும் என்பது. மே மாதத்தில் அவர் கேட்க மாட்டார்.

மே மாதம் வந்தது. கத்தியில் வெண்ணெயை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"மே வந்தாச்சு டாக்டர். பூவெல்லாம் பூத்தாச்சு. சைக்கிள்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன். ரொம்ப அழகா இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வேணாம்."

அடுத்த கூட்டத்தில் எனக்கு இன்னொன்று உறுத்தியது. நோயாளியை நம்பி வாழும் உயிர்கள் இருந்தால், நாயோ பூனையோ, அவற்றின் ஆயுசு முழுமைக்கும் தகுந்த ஏற்பாடு உறுதியாகாமல் கோரிக்கையைப் பரிசீலிக்கக் கூடாது என்றேன். லீடெவெய் வீட்டில் மூன்று பூனைகள். அவர் கண் கலங்கிவிட்டது. "இதை ஏன் இத்தனை நாள் யாரும் யோசிக்கலை?" என்றார்.

மறு வியாழக்கிழமை ரூல்ஃபீனுக்கு ஒரு ஆமை வாங்கிக் கொடுத்தேன்.

அட்டைப்பெட்டிக்குள் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எத்தனை வருஷம் இருக்கும் டாக்டர்?"

"நல்லா பார்த்துக்கிட்டா எழுபது, எண்பது."

"என்னைப் பார்த்தா பார்த்துக்கறவ மாதிரியா இருக்கு?" என்றார். ஆனால் கீரை வாங்கிக் கொடுத்தார். ஆமைக்குக் 'குழு' என்று பெயர் வைத்தார். மெதுவாகப் போகிறது, தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, எங்கேயும் போய்ச் சேர்வதில்லை என்று காரணமும் சொன்னார். குழுவைப் பற்றி அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். எங்களுக்குள் ஒளிவு மறைவு குறைவு.

மூன்றாவதாக ஒரு விதி. நோயாளியை நீண்ட காலமாக அறிந்த குடும்ப டாக்டரின் ஒப்புதல் கட்டாயம், டாக்டரை மாற்றினால் பருவக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதற்கு மட்டும் லீடெவெய் தயங்கினார்.

"இது நோயாளியை ஒரே டாக்டர்கிட்ட கட்டிப்போடற மாதிரி இல்லையா, மைண்டர்ட்?"

"டாக்டர் டாக்டரா அலைஞ்சு, சரின்னு சொல்றவரைத் தேடிப் பிடிக்கறதை வேற எப்படித் தடுக்கறது?"

இருட்டிக்கொண்டு வந்தது. சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் குழுவின் கருத்துகள் நல்ல பேர் வாங்கின. சுற்றுவட்டார டாக்டர்கள் எல்லாரும் அதன்படியே நடந்தார்கள். பெரிய ஊர்களில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பேசினேன், எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே ஒரு பெண்மணியின் அளவுக்குத் தைத்த சட்டை அது என்று. ஹார்மின் நோயாளி ஒருவருக்கும் அந்தச் சட்டையை மாட்டிவிட்டார்களாம். ஏற்கெனவே மூன்று டாக்டர்கள் சரி என்று சொல்லியிருந்தும், அவர் நாலு பருவம் புதிதாகக் காத்திருந்தார். ஹார்ம் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த மனிதரை நான் பார்த்ததில்லை, பார்க்காத ஆளுக்காக ஓரளவுக்கு மேல் வருந்த முடிவதில்லை.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். இந்த விதிகள் இருக்கட்டும், நீங்கள் அவருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். ஆம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் முயன்று பார்க்காத சிகிச்சை ஒன்று மிச்சம் இருந்தது. நியாயமான வழி ஒன்று மிச்சமிருக்கும்வரை சட்டம் இடம் தராது. இதில் நான் ரொம்பக் கறார். அவரிடமும் மறைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் சொல்வேன்.

"இன்னும் ஒரு வழி இருக்கு, ரூல்ஃபீன்."

"எந்த வழி?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நல்லாப் பாருங்க. கண்ணாடி வேணும்னா மாத்திக்கோங்க" என்பார்.

சரி, அந்தச் சிகிச்சை ஏன் மூன்று வருஷம் முயன்று பார்க்கப்படாமலே இருந்தது? நல்ல கேள்வி. காபி இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா? சூடாகத்தான் இருக்கிறது.

அவர் முதலில் கேட்ட அந்தக் குளிர்காலத்திலேயே மனநல மருத்துவர் வோப்பெ எனக்குப் போன் செய்தார். நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள். மருந்துக்கு மசியாத பழைய மனச்சோர்வுக்குப் புதிய சிகிச்சை ஒன்று அவர்கள் மருத்துவமனையில் ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார். எல்லாருக்கும் பலிப்பதில்லை, ஆனால் பாதிப் பேருக்காவது நல்ல முன்னேற்றம் தெரிகிறது.

"உன்கிட்ட யாராவது இருக்காங்களா, மைண்டர்ட்? ரொம்ப நாளா கஷ்டப்படறவங்க? இடம் இருக்கு, உடனே எடுத்துப்பேன்."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் ரூல்ஃபீன்தான். டாக்டர் என்ற முறையில் என் ஞாபகம் எப்போதும் சரியாகவே வேலை செய்திருக்கிறது.

"இப்போதைக்கு யாரும் இல்லை" என்றேன்.

போனை வைத்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னேன் என்று அமைதியாக யோசித்துப் பார்த்தேன், இப்போது உங்களிடம் பேசுவது போலவே. இறந்தவர்கள் டாக்டரிடம் வருவதில்லை. குணமானவர்களும் வருவதில்லை. இரண்டுக்கும் மருத்துவத்தில் பெரிய வித்தியாசம் இருக்கலாம், வியாழக்கிழமை நாலரை மணிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தச் சிகிச்சையை முயலாமல் வைத்திருந்தால் அவர் போகவும் முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. நடுவில் இருப்பார். நடுவில் இருந்தால் என் எதிரே இருப்பார். பல டாக்டர்கள் நோயாளியை நிலையாக வைத்திருக்கவே படாத பாடு படுகிறார்கள். நான் நிலையாக வைத்திருந்தேன்.

வோப்பெ அடுத்த வருஷமும் கேட்டார். அதற்கு அடுத்த வருஷமும். அவரும் விடாப்பிடியானவர்.

இந்த ஜனவரியில் கால்வாய் உறைந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. உங்களுக்குத் தெரியும், பனி கெட்டியானால் எங்கள் ஜனங்களுக்குப் புத்தி இளகிவிடும். பள்ளிக்கூடம் பாதியில் விட்டாச்சு, கடைகளில் ஆளில்லை, எண்பது வயதுக்காரர்கள் பரணிலிருந்து சறுக்குக் காலணியை இறக்குகிறார்கள். நானும் நோயாளிகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு இறங்கினேன். பாலத்தடியில் விழுந்தேன். இடுப்பெலும்பு. அதைத்தான் முதல் நாளே விரிவாகச் சொல்லிவிட்டேன். தினி ஆம்புலன்ஸ் பக்கத்தில் ஓடிவந்து, "பாலத்தடியில பனி மெல்லிசு, யாரும் போகாதீங்கன்னு காலையிலேர்ந்து அத்தனை நோயாளிகிட்டயும் சொன்னது நீங்கதானே டாக்டர்" என்றார். ஆறுதலாகச் சொல்லவில்லை.

என் இடத்தில் தற்காலிகமாக மெரெல் என்று ஒரு இளம் டாக்டர் வந்தார். பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் உட்கார வைப்பதில்லையாம். ரொட்டி சாப்பிடுவதில்லை, மாவுப் பொருள் ஒத்துக்கொள்ளாதாம். வியாழக்கிழமை நாலரைக்கு ரூல்ஃபீன் உள்ளே போயிருக்கிறார். மெரெல் கம்ப்யூட்டர் திரையில் அவருடைய பதிவைப் பார்த்துவிட்டு, வோப்பெவின் புதிய சிகிச்சைக்கு உங்களை அனுப்பவே இல்லையே, ஏன் என்று கேட்டிருக்கிறார். எந்தச் சிகிச்சை என்று கேட்டிருக்கிறார் ரூல்ஃபீன். அவர் எதிரிலேயே மெரெல் வோப்பெவுக்குப் போன் போட்டுவிட்டார். மூன்று வருஷம் நான் கவனமாகக் காத்த ஒன்றை அந்தப் பெண் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். இரட்டை நேரத்தில் பாதி மிச்சம்.

பலித்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை, அவருக்குப் பலித்தது.

ஏப்ரலில் ரூல்ஃபீன் இந்த வீட்டுக்கு வந்தார். நான் இந்த நாற்காலியில்தான், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு ஒரு கணம் பிடித்தது. முகம் அதேதான், ஆனால் அதற்குள் ஆள் குடிவந்திருந்தார். கையில் ரொட்டி இல்லை. உட்காரவும் இல்லை.

"எப்படி இருக்கீங்க, ரூல்ஃபீன்?"

"காலையில எழுந்திரிச்சேன். பல் தேய்ச்சேன். பாதி தேய்க்கும்போதுதான் கவனிச்சேன், பாடிக்கிட்டே தேய்க்கறேன்னு." பிறகு கேட்டார். "அந்தச் சிகிச்சை எப்போ வந்தது டாக்டர்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. பொய் சொல்பவனாக நான் என்னை நினைத்ததே இல்லை.

"நீங்க முதல்ல கேட்ட அந்தக் குளிர்காலத்துலயே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நோயாளிகள் கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு.

"சாகணும்னு கேட்டேன், தரலை," என்றார். "அது சரின்னு இப்போ எனக்கே தோணுது, அதுக்கு நன்றி சொல்லலாம்னு கூட நினைச்சு வந்தேன். ஆனா வாழணும்னு எனக்குக் கேக்கத் தெரியலையே டாக்டர். அதை நீங்கதானே எனக்காகக் கேட்டிருக்கணும். மூணு வருஷம். ஒவ்வொரு காலையும் நான் எப்படி எழுந்தேன்னு உங்களுக்குத் தெரியும். உலகத்துல உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ஏன்னா உங்ககிட்டதான் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

"நீங்களும் சிரிச்சீங்களே" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "குழு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு. தோட்டத்துல விட்டிருக்கேன். வேலிகிட்ட வரைக்கும் போய்ட்டு வருது. உங்ககிட்ட திருப்பித் தர மாட்டேன். நீங்க அதைப் போகவும் விட மாட்டீங்க, நடக்கவும் விட மாட்டீங்க." கதவருகே போய்த் திரும்பினார். "உங்க மேல புகார் குடுக்கப் போறேன். நாலு பருவம் எல்லாம் பார்க்க மாட்டேன். நாளைக்கே."

அப்போதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகப் பேசுவார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சந்தை நாளன்று பூச்செடிக் கடையில் பார்த்ததாகத் தினி சொன்னார், அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். வாங்க வருபவர்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிறாராம், வியாபாரம் அமோகமாம். இப்போது யார் யாரோ அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இவ்வளவுதான். செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன். அவர் நோயோடு இருக்க வேண்டும் என்பதற்காக அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையைத் தடுத்தேன். அவர் போய்விடாமலும் இருக்கப் பாதுகாப்பு என்ற பேரில் ஒரு வேலி கட்டினேன். அந்த வேலிக்குள் பக்கத்து ஊர்க்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் கருவியில் பதிந்ததா? உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. உங்களிடம் இப்படி உட்கார்ந்து பேசியதில் எனக்கே என்னைப் பற்றித் தெளிவு வந்திருக்கிறது. தனிமை ஒரு மனிதனை என்ன செய்யவைக்கும் என்று இப்போது பார்க்க முடிகிறது. அந்த ஆள் இப்போது இல்லை. நான் திருந்திவிட்டேன் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

என்ன கேட்டீர்கள்? ரூல்ஃபீன் ஒருவர்தானா, வேறு யாரும் உண்டா என்றா?

சரியான கேள்வி. இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். இன்னொருவர் உண்டு. ரூல்ஃபீன் வியாழக்கிழமை. அவர் திங்கட்கிழமை. செஸ் ஆடுவோம். அற்புதமாக ஆடுவார், தோற்கும்போது மட்டும் அழுதுவிடுவார். மெரெலைக் கேட்டால் தெரியாது. தன் நோய் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தவர், எந்தப் பதிவும் வேண்டாம் என்று பின்வாசல் வழியாகவே வருவார். தினிக்குத் திங்கட்கிழமை விடுமுறை, இந்த நாட்டில் யார்தான் ஐந்து நாளும் வேலைக்கு வருகிறார்கள். வோப்பெவின் சிகிச்சை அவருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ரூல்ஃபீனைவிடவும் நன்றாகப் பொருந்தும்.

பேனாவை எடுத்துவிட்டீர்கள். பெயரைச் சொல்லத்தான் போகிறேன், மறைக்க மாட்டேன், அந்தப் பழக்கமெல்லாம் போய்விட்டது. ஆனால் வெறும் பெயரைச் சொன்னால் எழுதிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள், விஷயம் முழுதாகப் புரியாது. இன்றைக்கு இருட்டிவிட்டது, உங்களுக்கு ரயிலும் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை வாருங்கள். நாலரை மணிக்கு வந்தால் நிதானமாகப் பேசலாம். வரும் வழியில் முடிந்தால் திராட்சை ரொட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இத்தனை வருஷம் பொறுத்தவர், எனக்காக இன்னும் ஒரு வாரம் பொறுக்க மாட்டாரா?